நூற்றுக்கு ஒன்று வாட்டம்

சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சாலையோரமாக நின்று எதிரே வரும் கார்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். சில கார்களின் வெளிச்சம் தரையோடு படிந்து வரும். வேறு சில கார்கள் தொலைவிலேயே கண்ணைப் பறித்துவிடும். இரண்டாவது வகையைக் கண்டதும் "டிம் பண்ணத் தெரியாதா?" என்று திட்டத் தோன்றும். அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம். அவர்களில் பலர் டிம்மில்தான் வந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் பிழை இல்லை, விளக்கின் சாய்வில்தான் பிழை. அந்தப் பிழை பெரும்பாலும் ஒரே ஒரு பாகைதான்.

ஒரு பாகை எங்கிருந்து வருகிறது என்பதைக் குற்றாலத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தை வைத்தே கணக்கிடலாம். சிறிய கார். முன்னால் இருவர், பின்னால் மூவர், மடியில் பிள்ளைகள், டிக்கி நிறைய மாற்றுத் துணியும் தண்ணீர் கேனும். இத்தனையும் ஏறியதும் காரின் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார்களில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறத்தாழ 245 சென்டிமீட்டர் இருக்கும். 245-க்கு ஐந்து என்றால் இரண்டு சதவீதச் சாய்வு. பின்பக்கம் அமுங்கியதால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது, ஹெட்லைட்டும் கூடவே. பாகையில் சொன்னால் ஒன்றேகால் பாகைகூட இல்லை. காருக்குள் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

டிம் வெளிச்சம் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பதைப் பார்த்தால்தான் இந்த இரண்டு சதவீதத்தின் கனம் புரியும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்குக் கொத்தனார் ஒரு வாட்டம் கொடுப்பார். நின்று பார்த்தால் தளம் சமமாகத்தான் தெரியும், தண்ணீருக்கு மட்டும் அந்தச் சரிவு தெரியும். ஹெட்லைட்டுக்கும் அப்படியொரு வாட்டம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நூற்றுக்கு ஒன்று, அதாவது பத்து மீட்டர் தள்ளிப் போனால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு பத்து சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த விளிம்பு 70 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு மாட்டைக் கண்டு, பிரேக் பிடித்து, காய்ந்த சாலையில் நிற்பதற்கு இந்தத் தூரம் போதும்.

இப்போது நம் குடும்பக் காரின் இரண்டு சதவீதத்தை இதோடு கூட்டுங்கள். ஒரு சதவீதம் இறங்க வேண்டிய விளிம்பு ஒரு சதவீதம் ஏறுகிறது. ஐம்பது மீட்டர் தொலைவில் 20 சென்டிமீட்டர் உயரத்தில் போக வேண்டிய விளிம்பு 120 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது. காரில் உட்கார்ந்து ஓட்டுபவரின் கண் இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட அதுவேதான்.

விளக்கைச் செய்பவர்கள் இந்த ஒரு பாகையின் அருமையை நன்றாக அறிந்தவர்கள். ஹெட்லைட்டுக்கான ஐ.நா. விதி எண் 112-ஐப் பாருங்கள். 25 மீட்டர் தொலைவில் ஒரு திரையைக் கட்டி, டிம்மைப் போட்டு, குறித்த சில புள்ளிகளில் வெளிச்சத்தை அளக்கச் சொல்கிறது அது. எதிரே வருபவரின் கண்ணைக் குறிக்கும் புள்ளி ஒன்று. அந்த விதியின் முந்தைய வடிவத்தின்படி அங்கே, சாதாரண ஹாலஜன் விளக்கிலிருந்து 0.4 லக்ஸுக்கு மேல் விழக் கூடாது. முழு நிலவு தரையில் கொட்டும் ஒளி ஏறத்தாழ கால் லக்ஸ் என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு சொற்பம் என்று புரியும். நம் பக்கத்துச் சாலையோரத்தில் 75 மீட்டர் தள்ளி நடப்பவரைக் குறிப்பது இன்னொரு புள்ளி. அதே வடிவத்தின்படி அங்கே குறைந்தது 12 லக்ஸ் விழுந்தாக வேண்டும். முப்பது மடங்கு வேறுபாடு! இவ்விரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசமோ ஒன்றேகால் பாகைக்கும் குறைவு. இந்தக் குறுகிய இடைவெளியில் வெளிச்சத்தை வெட்டி நிறுத்துவதுதான் ஹெட்லைட் என்ற கருவியின் முழு வித்தை. டிக்கியில் ஏற்றிய சுமை, நடந்து போகிறவருக்கு உரிய 12 லக்ஸை எடுத்து எதிரே வருகிறவரின் கண்ணில் போட்டுவிடுகிறது.

எப்படி வெட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம். நம் ஊர்க் கார்களில் நீண்டகாலமாகப் புழங்கிவரும் எச்-4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும், ஒன்று பிரைட்டுக்கு, மற்றது டிம்முக்கு. டிம் இழையின் அடியில் மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் தெரியும். பல்புக்குப் பின்னால் உள்ள பரவளைய வடிவக் கண்ணாடியின் குவியத்தில் ஒளி இருந்தால் கதிர்கள் நேராகப் போகும். டிம் இழையைக் குவியத்துக்குச் சற்று முன்னே வைத்திருப்பதால், கண்ணாடியின் மேல்பாதியில் பட்ட கதிர்கள் கீழ்நோக்கித் திரும்பும், கீழ்பாதியில் பட்டவை மேல்நோக்கிக் கிளம்பும். மேல்நோக்கிக் கிளம்பக்கூடிய கதிர்களைப் பிறக்கவே விடாமல் தடுப்பதுதான் கிண்ணத்தின் வேலை. அதன் ஒரு விளிம்பை மட்டும் 15 பாகை சரித்திருப்பார்கள். அதனால் சாலையின் ஓரப் பக்கம் ஒளி ஆப்பு வடிவில் சற்று மேலேறி, நடந்து போகிறவரையும் பெயர்ப் பலகையையும் காட்டும். 1957 வாக்கில் ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்த ஏற்பாடு இது. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில் அந்த ஆப்பு இடப்பக்கம்தான் ஏற வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த விளக்கை விலை மலிவென்று வாங்கி மாட்டினால், ஆப்பு நேரே எதிராளியின் முகத்தில் இறங்கும்.

உருண்டைக் கண்ணாடி வில்லை பொருத்திய புரொஜெக்டர் விளக்கில் கதை வேறு. 1986-ல் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் காரில் வந்த முறை இது. நீள்வட்டக் கண்ணாடி ஒளியை ஒரு புள்ளியில் திரட்டும், அங்கே ஒரு சின்னத் தகடு குறுக்கே நிற்கும், முன்னால் உள்ள வில்லை அந்தத் தகட்டின் விளிம்பைச் சாலைமீது தலைகீழாக விழச் செய்யும். சுவரில் நாம் காணும் கூர்மையான ஒளிக்கோடு, விரலளவுத் தகடொன்றின் தலைகீழ்ப் பிம்பம். பழைய சினிமாக் கொட்டகையின் கருவியிலும் இதே ஒளியியல்தான்.

இத்தனை நுட்பமும் இழை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் பலிக்கும். கண்ணாடியின் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர் என்று கொண்டால், பல்பு அரை மில்லிமீட்டர் கீழே இறங்கி உட்கார்ந்தாலே 25-க்கு அரை, அதாவது ஏறத்தாழ இரண்டு சதவீதம் ஒளி மேலே ஏறிவிடும். பல்பை மாற்றும்போது அதன் மூன்று காதுகளும் ஹோல்டரின் பள்ளத்தில் சரியாக அமர்ந்ததா என்று பார்க்காமல் கம்பியை மாட்டிவிட்டால், ஐந்து பேரையும் டிக்கிச் சாமான்களையும் ஏற்றாமலே அதே கூச்சம் கிடைக்கும். ஹாலஜனுக்காகச் செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் நடப்பதும் இதுதான். மெல்லிய இழை இருந்த இடத்தில் தடிமனான பட்டையின் இரு பக்கமும் சில்லுகள் ஒளிர்கின்றன. கண்ணாடி அதற்காக வளைக்கப்பட்டதல்ல. அதனால் சுவரில் விழும் விளிம்பு குழம்பிப்போகும். "வெளிச்சம் பளிச்சுனு இருக்கு" என்று ஓட்டுபவர் மகிழும் அந்தப் பளிச்சில் ஒரு பங்கு சாலைக்குப் போகவே இல்லை.

நம் ஊரில் ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் உண்டு. நல்லெண்ணத்தில் வந்த வழக்கம்தான். ஆனால் பல்புக்குப் பின்னால் உள்ள கண்ணாடி தன் முழுப்பரப்பிலிருந்தும் ஒளியைத் திரட்டி அனுப்புகிறது. நடுவில் ஒரு வட்டத்தை மறைத்தால் மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. மேலே போகும் ஒளி கொஞ்சம் மங்கலாக மேலேயே போய்க்கொண்டிருக்கும். சாய்வைத் திருத்த ஸ்டிக்கரால் ஆகாது.

இனி எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் போவோம். கூசும் ஒளியில் ஒரு பகுதி கருவிழியிலும் வில்லையிலும் சிதறி, விழித்திரை முழுக்க மெல்லிய வெண்திரையாகப் பரவுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் கறுத்த சட்டை போட்டு நடப்பவரும் விளக்கில்லாத சைக்கிளும் கரைந்துபோகிறார்கள். பார்க்கும் திசைக்கும் கூசும் விளக்குக்கும் இடையேயான கோணம் பாதியாகக் குறைந்தால், திரையின் அடர்த்தி நான்கு மடங்காகும். குறுகிய சாலையில் எதிர்வண்டியை ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்போது கூச்சம் கடுமையாக இருப்பதன் காரணம் இதுதான். வயதும் சேர்ந்துகொள்ளும். எழுபது வயதுக் கண்ணில் இந்தச் சிதறல் இளமைக் கண்ணைப்போல ஏறத்தாழ இரு மடங்கு, புரை இருந்தால் இன்னும் அதிகம். ஒரே விளக்கு, பேரனுக்குச் சின்ன எரிச்சலாகவும் தாத்தாவுக்கு முழுக் குருடாகவும் இருக்கக்கூடும். விளக்கு கடந்துபோன பிறகும் கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிடுகிறது.

தென்காசிப் பக்கத்தில் இதன்மேல் சாரலும் சேர்கிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்குமலையைத் தாண்டிப் பொடித்தூறலைக் கொண்டுவந்து தெளிக்கும். காய்ந்த தார்ச்சாலை சொரசொரப்பானது. அதில் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறி, ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருவதால்தான் சாலை தெரிகிறது. நனைந்ததும் அந்தச் சொரசொரப்பைத் தண்ணீர் நிரவி, சாலையைக் கண்ணாடியாக்கிவிடுகிறது. நம் வண்டியின் ஒளி வழுக்கி முன்னே போய்விடும், நமக்குத் திரும்புவது சொற்பம். எதிர்வண்டியின் ஒளியோ நேராக ஒரு முறையும், சாலையில் பட்டுத் தெறித்து இன்னொரு முறையும் நம்மிடம் வரும். நமக்கு வெளிச்சம் குறைந்து கூச்சம் கூடுகிறது. மேலே தூக்கிய ஒளி தூறலின் லட்சக்கணக்கான துளிகளில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பி வெள்ளைப் புகைபோல நிற்கும். வெளிச்சம் போதவில்லை என்று சாரலில் பிரைட் போடுகிறவர் தன் முன்னால் தானே திரை தொங்கவிட்டுக்கொள்கிறார்.

பார்ப்பதற்கு வேண்டிய ஒளி வேறு, பார்க்கப்படுவதற்கு வேண்டிய ஒளி வேறு. 2024 பிப்ரவரியில் செங்கோட்டை தாண்டியுள்ள புளியரை அருகே ஒட்டுப்பலகை ஏற்றிய லாரி ஒன்று நள்ளிரவில் கவிழ்ந்து ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. அங்கே குடியிருந்த முதிய தம்பதியர் கையில் ஒரு டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு டார்ச் வெகு தொலைவிலிருந்தே எட்டுகிறது. உயிர் காத்த அதே கூர்மைதான், ஹெட்லைட் கொஞ்சம் ஏறினாலும் கண்ணை முடக்குகிறது.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்றால், ஓரளவுக்குத்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 106-ஆம் விதி இதைப் பற்றியது. விளக்கிலிருந்து எட்டு மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச்செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. எட்டு மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரம் என்பது 70 சென்டிமீட்டர் உயர விளக்கிலிருந்து பத்து சதவீத ஏற்றம். ஒரு சதவீதம் ஏறிக் கெட்டுப்போன விளக்கின் விளிம்பு அந்தப் புள்ளிக்கு வெகு கீழேயே போய்விடும், ஐம்பது மீட்டரில் எதிராளியைக் குருடாக்கும். வாடகை வண்டிகளும் லாரிகளும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போதாவது விளக்கைப் பார்க்க வாய்ப்புண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். இடையில் புகைச் சான்று கேட்பார்கள், விளக்கின் சாய்வை யாரும் கேட்பதில்லை. எனவே பார்க்க வேண்டியவர் நாம்தான், பார்ப்பதற்கு ஒரு சுவர் போதும்.

முதலில் இடம். காரோடு சேர்த்துப் பதினைந்து மீட்டராவது வேண்டும். அரிசி ஆலைகளில் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இதற்கு அருமையான இடம். மழைநீர் வடிய அதற்கும் வாட்டம் கொடுத்திருப்பார்களே என்று கேட்கலாம். களம் முழுக்க ஒரே சீரான வாட்டமாக இருந்தால் கெடுதல் இல்லை. கார் நிற்கும் தரையும் சுவர் வரையுள்ள தரையும் ஒரே தளமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சந்தேகமாக இருந்தால் இரு முனையிலும் ஒரே உயரத்தில் செங்கல் வைத்து நைலான் நூலை இறுக்கிக் கட்டி, நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள்.

நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், டிக்கியில் ஸ்டெப்னி தவிர வேறு எதுவும் வேண்டாம். பல கார்களில் ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னத் திருகுச் சக்கரம் இருக்கும். அதை 0-வில் வையுங்கள். பொழுது சாய்ந்ததும் காரைச் சுவரை முட்டும் அளவுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு விளக்கின் மையத்துக்கும் நேராகச் சாக்பீஸால் சுவரில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். இரண்டு குறிகளையும் கிடைக்கோட்டால் இணையுங்கள். அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கிடைக்கோடு. பிறகு கார் கோணாமல், விளக்குக்கும் சுவருக்கும் பத்து மீட்டர் வரும்வரை பின்னால் எடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் ஐந்து மீட்டர், ஐந்து சென்டிமீட்டர் என்று பாதியாக்கிக்கொள்ளலாம். ஆனால் பிழையும் அதே அளவு சுருங்கித் தெரியும் என்பதால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

டிம்மைப் போட்டு, ஒரு விளக்கின் முன்னால் அட்டையை நிறுத்தி மறைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். சுவரில் வலப்பக்கம் தட்டையாகவும் இடப்பக்கம் மேல்நோக்கிச் சரிந்தும் ஒரு விளிம்பு தெரியும். தட்டையான பகுதி கீழ்க்கோட்டில் படிய வேண்டும். வளைந்து ஏறத் தொடங்கும் முழங்கை, கூட்டல் குறிக்கு நேர்க்கீழே நிற்க வேண்டும். பானட்டைத் திறந்தால் விளக்கின் முதுகில் பல் சக்கரத்தோடு இரண்டு திருகுகள் இருக்கும், ஒன்று ஏற்றி இறக்க, ஒன்று இடம் வலம் நகர்த்த. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்பிக்கொண்டே சுவரைப் பார்க்க வேண்டும். எச்-4 விளக்கில் பிரைட்டுக்கும் டிம்முக்கும் கண்ணாடி ஒன்றே என்பதால், டிம் சரியானால் பிரைட்டும் தானே வழிக்கு வரும். பல கார்களில் விளக்கின் அருகே 1.0% என்றோ 1.3% என்றோ அச்சிட்டிருப்பார்கள். இருந்தால் பொதுக் கணக்கை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள். எச்சரிக்கையாக இருப்பதாக எண்ணி மேலும் இறக்கிவிடவும் கூடாது. இரண்டு சதவீதம் இறங்கினால் 70 மீட்டர் 35 மீட்டராகிவிடும், நிற்பதற்குத் தூரம் போதாது.

சுவரில் விளிம்பே தெளிவாக விழவில்லையென்றால் திருகைத் தொடாதீர்கள். பல்பு சரியாக அமரவில்லை, அல்லது விளக்கின் பிளாஸ்டிக் முகம் வெயிலில் மஞ்சளித்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிட்டது. மஞ்சளித்த முகம் ஒளியைச் சிதறடித்து மேலே அனுப்பும், எந்தத் திருகாலும் அது நிற்காது. முட்டிய காரில் விளக்கின் தாங்கி வளைந்திருந்தாலும், சாய்வைத் தானே பார்த்துக்கொள்ளும் மின்னணு விளக்காக இருந்தாலும் ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே பீம் செட்டர் என்ற பெட்டி இருக்கும். அதன் முகப்பிலுள்ள வில்லை, பத்து மீட்டர் தள்ளி விழ வேண்டிய படத்தை உள்ளே ஒரு சிறிய திரையில் விழச் செய்துவிடும். களமும் சுவரும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த 0, 1, 2, 3 சக்கரத்தைத் தொட்டே பார்க்காத கார்க்காரர்கள் ஏராளம். முன்னிருக்கையில் மட்டும் ஆள் இருந்தால் 0, கார் நிறைந்து டிக்கியும் நிறைந்தால் 2 அல்லது 3. எண் கூடக்கூட ஒளி இறங்கும். குற்றாலத்துக்குப் புறப்படும் குடும்பத்துக்கு இந்த ஒரு திருகல் போதும். ஊர் திரும்பிச் சாமானை இறக்கியதும் மறக்காமல் 0-வுக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாக் கூச்சமும் இதனால் தீராது. செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவில் ஏறும் லாரியின் விளக்கு, எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும் மேட்டு முகட்டில் வானத்தைப் பார்க்கத்தான் செய்யும். குளத்தங்கரை மேலேறி இறங்கும் சாலையிலும் அப்படித்தான். அங்கே வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டில் பார்வையை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. விளக்குக்கும் கண்ணுக்கும் கோணம் கூடினால் திரை மெலியும் என்ற கணக்குதான் அங்கே உதவுகிறது.

கார்களைவிடப் பெரிய கூட்டம் இருசக்கர வண்டிகள். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும். பைக்கின் இரு சக்கரங்களுக்கு இடையே 130 சென்டிமீட்டர் அளவே இருப்பதால், பின்னால் ஒருவர் ஏறி நான்கு சென்டிமீட்டர் அமுங்கினாலே மூன்று சதவீதம் ஒளி தூக்கிக்கொள்ளும். பாவூர்சத்திரம் சந்தைக்கு விடியற்காலையில் மூட்டையோடு போகும் வண்டியில் இது இன்னும் கூடுதல். ஹெட்லைட் கூட்டின் பக்கவாட்டுப் போல்ட்டுகளையோ அடியிலுள்ள திருகையோ தளர்த்திச் சாய்வை மாற்றலாம். பின் ஷாக் அப்சர்பரின் அடிவளையத்தை ஒரு படி ஏற்றி வைத்தால் அமுங்கலும் குறையும். வழக்கமாக இருவர் போகும் வண்டியென்றால், பின்னால் ஆளை உட்காரவைத்தே சுவரைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். தனியாக ஓட்டும் நாளில் வெளிச்சம் சற்றுக் கிட்டத்தில் விழும், அன்று வேகத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.